சீல் மட்டும் மாற்றினால் போதுமா?

தம்பி, தங்கைகளே! ஜூரோங் பட்டறைகளில் வேலை பழகுறவங்க உங்களில் சிலர் இருப்பீங்க. இந்தப் பாடம் முதலில் உங்களுக்கு. ஆனால் வண்டியில் ஏறி உட்காரும் எல்லாருக்கும் இதில் விஷயம் இருக்கு.

லேண்ட் ரோவர் 1948-இல் ஆம்ஸ்டர்டாம் வாகனக் கண்காட்சியில் அறிமுகமானது. நம் சிங்கப்பூர் ராணுவத்திலும் ஓடியது. மலேசியாவின் கேமரன் மலையில் காய்கறித் தோட்டங்களுக்குப் போனால், அந்தப் பழைய வண்டிகளை இன்றும் பார்க்கலாம். மலை இறக்கத்தில் அவற்றை நிறுத்துவது டிரம் பிரேக். அந்த பிரேக்கை எண்ணெய் படாமல் காப்பது உள்ளங்கையில் அடங்கும் ஒரு வளையம். அதுதான் ஆயில் சீல்.

ஹப்புக்குள் என்ன இருக்கு?

ஸ்டப் ஆக்சிலின் மேல் இரண்டு கூம்பு ரோலர் பேரிங்குகள். அவற்றின்மேல் ஹப் சுழலும். ஹப்போடு சேர்ந்து சுற்றும் சீலின் உதடு, ஸ்டப் ஆக்சிலில் இருக்கும் ஓர் இரும்பு வளையத்தை உரசியபடி இருக்கும். சீல் கெட்டால் எண்ணெய் பிரேக் லைனிங்கில் படியும். எண்ணெய் குடித்த லைனிங் சரியாகப் பிடிக்காது. பிரேக் அடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

சீல் ஏன் கெட்டது?

புது சீலைப் போடும் முன் மூன்றைப் பாருங்க.

1. இரும்பு வளையம்: விரல் நகத்தால் தடவுங்க. நகம் சிக்கினால் அங்கே பள்ளம் விழுந்திருக்கு. அதன்மேல் எந்தப் புது சீலும் நிலைக்காது. வளையத்தையும் மாற்றணும்.
2. பேரிங்: தேய்ந்திருந்தால் ஹப் ஆடும். ஹப் ஆடினால் சீலின் உதடு ஒரு பக்கமாகத் தேயும்.
3. ஆக்சிலின் மூச்சுத் துளை: சேறு அடைத்தால், ஓட்டத்தில் சூடான காற்று வெளியே போக வழியின்றி எண்ணெயை சீல் வழியாகத் தள்ளும்.

திரும்பச் சேர்க்கும்போது

ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யாதீங்க. ஸ்டாண்ட் வைங்க, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்க. பேரிங்கின் உள்பகுதியையும் வெளி வளையத்தையும் ஜோடியாகவே மாற்றுங்க. ரோலர்களுக்கு இடையே கிரீஸ் நிறையணும். சீலைக் கோணாமல், சமமாக அழுத்தி இறக்குங்க.

ஹப்பைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு சற்றுத் தளர்த்துங்க. இருக்க வேண்டிய ஆட்டம் சுமார் 0.1 மி.மீ.தான், உங்கள் மாடலுக்கான சரியான அளவைக் கையேட்டில் பார்த்து, டயல் கேஜால் அளங்க. பூட்டு நட்டை இறுக்கியதும் ஆட்டம் குறையும். அதனால் இன்னொரு தடவை அளக்கணும். பலர் விட்டுவிடும் படி இது.

எண்ணெய் குடித்த லைனிங்கைத் துடைத்துப் போடாதீங்க. ஒரே ஆக்சிலின் இரு பக்கமும் புதிதாகப் போடணும்.

கலந்து பேச

"சீல் மட்டும் மாத்துங்க, சீக்கிரம் வேணும்" என்கிறார் வண்டிக்காரர். வளையத்தில் பள்ளம் இருப்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். சக்கரத்தை மாட்டிவிட்டால் யார் கண்ணுக்கும் படாது. நீங்கள் என்ன சொல்வீங்க? அந்த வண்டியில் உங்கள் அம்மா ஏறுவதாக இருந்தால்?