வானிலைக் கணிப்பொறியில் டிரைவர் தகராறு

சேர்வராயன் மலையில் காப்பி பயிரிடுவோர்க்கு மாசி, பங்குனி மாதங்களில் பெய்யும் முதல் மழை எத்துணை முக்கியமானது என்பதை எடுத்துரைக்க வேண்டியதில்லை. அராபிகா வகைச் செடியின் மொட்டுக்கள் நன்கு மலர ஏறக்குறைய ஓர் அங்குலம், அதாவது 25 மில்லிமீட்டர் மழை தேவை. அதற்கு மிகக் குறைவாகப் பெய்து நின்றுவிடின் பூ ஒழுங்காக மலராது, காய்ப்பும் குன்றும். நீர் வசதி உள்ளவர்கள் தூவல் பாசனத்தினால் குறையை ஈடு செய்வர். ஆகவே பெய்தது 10 மில்லிமீட்டரா, 25 மில்லிமீட்டரா என்னும் கேள்விக்குச் சரியான விடை வேண்டும். ஏற்காட்டில் பெய்த மழை நாகலூரிலும் மஞ்சக்குட்டையிலும் அதே அளவில் பெய்திருக்கும் என்று கொள்வதற்கில்லை. ஒரு சரிவு நனைய மறு சரிவு காய்ந்து கிடப்பதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம்.

இக்காரணத்தால் ஊர்தோறும் மழை, வெப்பம், காற்றின் ஈரம் ஆகியவற்றை அளந்து பதிவு செய்வது நன்று. ராஸ்பெரி பை எனப்படும் உள்ளங்கையளவான கணிப்பொறியுடன் சென்சார் என்னும் உணர்கருவிகளை இணைத்து இதனைச் செய்வது இன்று பெருஞ்செலவான காரியமன்று. சிறு தோட்டம் உடைய மலையாளி மக்கள் தனித்தனியே வாங்க இயலாவிடினும், ஊராட்சி அலுவலகத்துக் கூரைமேல் ஒன்று இருந்தால் பலருக்கும் பயன்படும். ஆனால் இத்தகைய கருவிகளைப் பற்றி வரும் முறையீடுகளில் ஒன்று அடிக்கடி காதில் விழுகிறது: “நேற்று வரை ஓடிற்று, கணிப்பொறியைப் புதுப்பித்தோம், இன்று சென்சார் செத்துவிட்டது.” சென்சார் சாகவில்லை என்பதையும், அதைச் சோதித்தறியும் முறையையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கணிப்பொறியின் இயங்குதளத்திற்குள் நடுநாயகமாக நிற்பது கெர்னல் என்னும் உட்கரு. நினைவகம், மின் முனைகள், இணைப்புக் கம்பிகள் ஆகிய யாவும் அதன் பொறுப்பில் உள்ளன. ஒவ்வொரு கருவியோடும் பேசுவதற்கு டிரைவர் என்னும் தனித்தனி நிரல் உண்டு. கீழ்நாட்டில் ஏரிப் பாசனம் உள்ள ஊர்களில் மடை திறக்க நீர்ப்பாய்ச்சி ஒருவர் இருப்பது போல என்று கொள்ளலாம். ஒரு மடைக்கு ஒருவரே இருக்கும்வரை தகராறு இல்லை. ஒரே மடையை இருவர் திறக்கவும் மூடவும் தொடங்கினால் வயலுக்கு எவ்வளவு நீர் போயிற்று என்று எவராலும் சொல்ல முடியாது. அதுபோல ஒரே சென்சாரை இரண்டு நிரல்கள் ஒரே வேளையில் வினவினால், ஒன்று கேட்ட கேள்விக்குரிய விடையை மற்றொன்று எடுத்துக்கொள்ளும். விடை பிழையாயிருக்கும், பிழை என்று தெரியவும் தெரியாது.

இது பழைய வழக்கு. லினக்ஸ் கெர்னலில் 2009-ஆம் ஆண்டு வெளிவந்த 2.6.31 பதிப்பு ஒரு கண்டிப்பான விதியைக் கொணர்ந்தது. கணிப்பொறிப் பலகையின் சொந்த நிரல் உரிமை கொண்டாடும் சென்சாரை வேறு டிரைவர் தொடலாகாது என்பதே அவ்விதி. புதுப்பித்த மறுநாள் பலருடைய கணிப்பொறியில் விசிறியின் வேகமும் மின்னழுத்தமும் காட்டப்படாமல் போயின. கெர்னல் கெட்டுவிட்டதென்று பலர் குறை கூறினர். உண்மையில் அது கெடுதலைத் தடுத்தது. அவ்விதியைத் தளர்த்தும் வழி ஒன்றும் உண்டு. அதனை அலுவலகக் கணிப்பொறிகளில் கையாள வேண்டாமென்பது என் கருத்து. விசிறியைக் கட்டுப்படுத்தும் சில்லுடன் இருவர் விளையாடுவது நல்லதன்று.

நம் மாநிலத்தில் லினக்ஸ் புதியதன்று. சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007-இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ், அரசு வழங்கிய மாணவர் மடிக்கணினிகளில் விண்டோஸுடன் இடம் பெற்றது. 2014-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் நாள் விண்டோஸ் எக்ஸ்பி-க்குரிய ஆதரவு நின்றதையொட்டி, அரசுத் துறைகள் பாஸ் லினக்ஸுக்கு மாறும்படி அறிவுறுத்தப்பட்டன. ராஸ்பெரி பை கணிப்பொறியில் பெரும்பாலும் ஓடுவதும் லினக்ஸ்தான்.

இனி வானிலைக் கருவிக்கு வருவோம். வெப்பம், ஈரம், காற்றழுத்தம் மூன்றையும் அளக்கும் பிஎம்இ280 என்னும் சென்சார் பெரிதும் வழக்கில் உள்ளது. இரண்டு கம்பிகளாலான ஐ-டூ-சி என்னும் பாதையில் அதற்கு 76 அல்லது 77 என்ற முகவரி உண்டு. அதனை வினவ இரு வழிகள் உள்ளன: கெர்னலின் சொந்த டிரைவர் ஒன்று, நாம் எழுதி ஓட்டும் நிரல் மற்றொன்று. முன்பு கருவியை அமைத்தவர் ‘கான்ஃபிக்’ என்னும் அமைப்புக் கோப்பில் ஒரு வரியைச் சேர்த்திருப்பார். பழைய கெர்னலில் அது பயனின்றிக் கிடந்திருக்கும். புதிய கெர்னல் அவ்வரியைப் புரிந்துகொண்டு டிரைவரை எழுப்பிவிடும். அன்று முதல் நம் நிரலுக்கு ‘பிஸி’ என்ற விடையே கிடைக்கும்.

இதைக் கண்டறிய ‘ஐ-டூ-சி டிடெக்ட்’ என்ற கட்டளை போதும். திரையில் ஒரு கட்டம் தோன்றும். 76-க்குரிய இடத்தில் வெறுங்கோடு இருப்பின் சென்சார் விடை தரவில்லை. கம்பியையும் இணைப்பையும் பாருங்கள். மலையின் மூடுபனியில் இணைப்புமுனை துருப்பிடித்தல் சாதாரணம். அவ்விடத்தில் 76 என்ற எண்ணே தோன்றின், சென்சார் விடை தருகிறது, கெர்னல் டிரைவர் எதுவும் அதனைப் பிடித்திருக்கவில்லை. கோளாறு நம் நிரலில் உள்ளது. ‘யூயூ’ என்ற இரண்டு எழுத்துக்கள் தோன்றின், கெர்னலின் டிரைவர் அம்முகவரியைத் தன்வசம் கொண்டிருக்கிறது. புதிய சென்சார் வாங்குமுன் இந்த ஒரு கட்டளையைக் கொடுக்கும் பழக்கம் இருந்தால் ஊராட்சிகளுக்கு வீண்செலவு குறையும். விற்பனையாளர்கள் இதனைச் சொல்வது அரிது.

‘யூயூ’ கண்டால் இருவரில் ஒருவரை விலக்க வேண்டும். பூக்கும் பருவமாயின், கான்ஃபிக் கோப்பிலுள்ள அவ்வரியின் தலையில் ஒரு குறியிட்டு அதனைச் செயலற்றதாக்கிக் கணிப்பொறியை மறுபடி தொடக்குவதே விரைவான வழி. அவகாசம் கிடைக்கும்போது, டிரைவரை வைத்துக்கொண்டு நம் நிரலை மாற்றி அமைப்பது நெடுநாள் நிற்கும். ஆனால் அங்கே ஓர் எச்சரிக்கை. கெர்னலின் டிரைவர் வெப்பத்தை டிகிரியில் தருவதில்லை. டிகிரியின் ஆயிரத்திலொரு பங்கில் தருகிறது. 21.5 டிகிரி என்பது 21500 என்று வரும். காற்றழுத்தமோ கிலோபாஸ்கல் கணக்கில் வரும். இவற்றை மாற்றிக்கொள்ளாத நிரல் நகைப்புக்கிடமான எண்களை ஏட்டில் ஏற்றும்.

காற்றழுத்தத்தை நான் விரும்பிச் சோதிப்பதற்குக் காரணம் உண்டு. ஏற்காடு கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்கே கருவி நேரே அளக்கும் அழுத்தம் சுமார் 850 மில்லிபார், அதாவது 85 கிலோபாஸ்கல், இருத்தல் வேண்டும். திரையில் 1010 என்று கண்டால், கடல்மட்டக் கணக்குக்கு மாற்றிக் காட்டுகிறார்களா என்று கேளுங்கள். அன்றெனில் அந்த எண்ணை நம்பாதீர்கள்.

மழைமானியின் கதை வேறு. புனலின் கீழே இரு சிறு கிண்ணங்கள் ஏற்றப்பலகை போல் அமைந்திருக்கும். ஒன்று நிரம்பியதும் சாயும். ஒவ்வொரு சாய்வுக்கும் ஒரு மின் தொடுப்பு. பல கருவிகளில் ஒரு சாய்வு 0.2 மில்லிமீட்டர்; 25 மில்லிமீட்டருக்கு 125 சாய்வுகள். இத்தொடுப்பை ஜிபிஐஓ என்னும் மின்முனையில், உதாரணமாக 17-ஆம் முனையில், இணைப்பர். 2024-ஆம் ஆண்டில் ராஸ்பெரி பையின் கெர்னல் 6.6 வரிசைக்கு மாறியபோது, 4-ஆம் மாதிரியிலும் அதற்கு முந்திய பலகைகளிலும், பழைய எண்முறையில் முனைகளின் எண்கள் 512-இலிருந்து தொடங்கின. 17-ஆம் முனை 529 ஆயிற்று. பழைய எண்ணையே நம்பியிருந்த நிரல்கள் தொடுப்பைக் காணாமற்போயின.

இதில் அபாயம் யாதெனில், வெப்பம் நின்றால் திரை வெறுமையாகும், யாரும் கவனிப்பர். மழை எண்ணுவது நின்றால் பூஜ்யம் தோன்றும். பூஜ்யமோ, மழை இல்லாத நாளுக்கும் சரியான விடையே! நான் கண்ட ஒரு தோட்டத்தில் இரவு நல்ல மழை பெய்திருந்தும், கீழ்ப்புறச் சரிவுக்குப் பூஜ்யம் என்று கருவி காட்டியதைக் கொண்டு காலையில் பம்பை ஓட்டத் தொடங்கிவிட்டனர். டீசலும் குட்டை நீரும் வீணாயின. புதுப்பித்த உடனே மழைமானியின் கிண்ணத்தை விரலால் பத்து முறை சாய்த்து, எண்ணிக்கை பத்து கூடியதா என்று பார்த்திருந்தால் இந்நட்டம் நேர்ந்திராது. அச்சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். எண்ணிக்கை கூடவில்லையெனில் எண்ணை 529 என்று மாற்றுவது தற்காலிகப் பரிகாரம். லிப்-ஜிபிஐஓடி என்னும் நிரல்தொகுப்பின் வழியாக முனையை அழைக்கும்படி நிரலைத் திருத்துவது நிலையான பரிகாரம். அத்தொகுப்பிலுள்ள ‘ஜிபிஐஓ இன்ஃபோ’ கட்டளை எந்த முனையை எந்த நிரல் வைத்திருக்கிறது என்பதையும் பெயருடன் சொல்லும்.

கெர்னலோடு சேராமல் தனியே வாங்கி நிறுவிய டிரைவர்களும் உண்டு. அவை ஒரு குறிப்பிட்ட கெர்னலுக்கென்றே கட்டப்பட்டவை. கெர்னல் மாறினால் மறுபடி கட்டப்பட வேண்டும். நிறுவிக் கொடுத்தவரிடம் மூலநிரலையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் இங்கே சொல்லத் தேவையில்லை.

எந்தக் கோளாறாயினும் முதற்கேள்வி ஒன்றே: பழைய கெர்னலில் ஓடுகிறதா? பாஸ் லினக்ஸ் உள்ள மேசைக் கணிப்பொறியில், தொடங்கும்போது தோன்றும் பட்டியலில் கூடுதல் தேர்வுகள் என்ற வரியின் கீழ்ப் பழைய கெர்னல் காத்திருக்கும். ராஸ்பெரி பையில் பொதுவாக அப்பட்டியல் இல்லை. ஆதலால் புதுப்பிக்கு முன் நினைவக அட்டைக்கு ஒரு நகல் எடுத்து வைத்தல் அவசியம். பழைய அட்டையைப் போட்டவுடன் அளவுகள் திரும்பினால், கம்பியிலும் சென்சாரிலும் குற்றமில்லை என்பது உறுதி. அதன்பின் ‘டி-மெஸ்ஜி’ என்ற கட்டளையால் கெர்னலின் நாட்குறிப்பைத் திறந்து, சென்சாரின் பெயர் வரும் வரிகளைப் படித்துப் பாருங்கள். தகராறு பெரும்பாலும் அங்கேயே எழுதப்பட்டிருக்கும்.

இவ்வளவு தொல்லையுண்டெனில் புதுப்பிக்காமலே விட்டுவிடலாமே என்று சில உறுப்பினர்கள் கேட்கக்கூடும். இணையத்துடன் இணைந்த கணிப்பொறிக்கு அது தகாது. பாதுகாப்புக் குறைகள் புதுப்பித்தலால்தான் அடைக்கப்படுகின்றன. நாளைத் தேர்ந்தெடுப்பது நம் கையில் உள்ளது. மாசியிலும் பங்குனியிலும் வேண்டாம். காப்பி களத்தில் காயும் நாட்களிலும் வேண்டாம். மற்ற மாதங்களில், வானம் தெளிந்த ஒரு காலையில், 8.30 மணிக்குச் சாதாரண மழைமானியை அளந்து ஏட்டில் எழுதிய பின் தொடங்குங்கள். இந்திய வானிலைத் துறையின் மழைக் கணக்கும் அதே மணிக்குத்தான் எடுக்கப்படுகிறது. ஆகையால் கையால் அளந்ததையும் கருவி காட்டியதையும் மறுநாள் அதே வேளையில் பக்கத்துப் பக்கத்தில் எழுதி ஒப்பிடலாம். புதுப்பித்த தேதி, பழைய கெர்னலின் எண், புதிய கெர்னலின் எண் ஆகிய மூன்றையும் அதே பக்கத்தில் குறித்து, நகல் அட்டையை ஓர் உறையிலிட்டு அவ்வேட்டுடனேயே வையுங்கள்.