நோய் விபரம் யாருக்குத் தெரிய வேண்டும்?



எங்கள் தோட்டத்தில் ஒரு அண்ணன் மூன்று வாரமாக இருமிக்கொண்டே இருந்தார். டிஸ்பென்சரிக்குப் போகச் சொன்னோம். "போனா நாளைக்குப் பிரட்டுக்களத்துல எல்லாரும் பேசுவாங்க" என்று மறுத்துவிட்டார். அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. நோயாளர் கொப்பி மேசையில் திறந்தபடி கிடக்கும். வரிசையில் நிற்கிறவர்கள் எட்டிப் பார்த்து வாசிப்பார்கள். அது எங்கள் பிழைதான்.

மூன்று மாதம் கழித்துத்தான் வந்தார். காசநோய். அதற்குள் அதே காம்பராவில் படுத்த மகளுக்கும் தொற்றிவிட்டது. இருவரும் ஆறு மாதம் மருந்து குடித்துச் சுகமானார்கள். ஆனாலும் அந்தப் பிள்ளைக்கு வந்திருக்க வேண்டியதில்லையே!

நோய் விபரம் பீலித் தண்ணி மாதிரி. போக வேண்டிய இடத்துக்குப் போக வேண்டும். வழியில் ஒழுகக் கூடாது.

போக வேண்டிய இடம் எது?

டொக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, பிரஷர், சீனி வருத்தத்துக்கு என்ன குளிசை குடிக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கிளினிக் கொப்பி கையில் இருக்கட்டும். கர்ப்பிணித் தாய்மார் தங்கள் அட்டையை மறக்க வேண்டாம். கொழும்பில் இருக்கும் பிள்ளைகளிடம் போனாலும் கொண்டு போங்கள்.

காசநோய், டெங்கு போன்றவற்றைச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். அது வீட்டாரையும் அயலாரையும் காப்பாற்றத்தான். ஊருக்குப் பறைசாற்ற அல்ல.

ஒழுகாமல் இருக்க என்ன செய்வது?

இப்போது நாங்கள் கொப்பியை மூடி அலுமாரியில் பூட்டுகிறோம். வரிசை வாசலுக்கு வெளியே நிற்கும். உள்ளே ஒருவர் மட்டும். பெயரைக் கூப்பிடுவோம், நோயைக் கூப்பிட மாட்டோம். கம்பியூட்டர் இருக்கும் இடத்தில் அதன் இரகசியச் சொல்லை வேறு யாருக்கும் சொல்லக் கூடாது, சுவரிலும் எழுதி ஒட்டக் கூடாது. லீவுத் துண்டில் எத்தனை நாள் ஓய்வு என்று இருந்தால் கங்காணிக்குப் போதும்.

நீங்களும் உதவ வேண்டும். இரத்தப் பரிசோதனைத் துண்டைப் போனில் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். கொழுந்து எடுக்கும்போது அடுத்தவர் வருத்தத்தைப் பேசாதீர்கள்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், சுகாதார விபரங்களை விசேடமாகப் பாதுகாக்க வேண்டியவை என்று சொல்கிறது. லயத்தில் இருப்பவருக்கும் பங்களாவில் இருப்பவருக்கும் சட்டம் ஒன்றுதான்.

வீட்டில் பேசிப் பாருங்கள்:

1. நம் வீட்டுக் கிளினிக் கொப்பிகள் எங்கே இருக்கின்றன?
2. யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது?
3. அடுத்த காம்பராவில் ஒருவர் வருத்தமாக இருந்தால், "என்ன நோய்?" என்று கேட்போமா, "என்ன உதவி வேணும்?" என்று கேட்போமா?

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் பயப்படாமல் வாங்க. கதவைச் சாத்திக்கொண்டே பேசுவோம்.