ஆவியில் மலரும் சைவப் பாவ்

மலேசியாவின் கோப்பிக் கடைகளில் காலை வேளையில் ஆவி பறக்கும் பாவ்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். அவற்றுள் ‘காய்கறிப் பாவ்’ என்று எழுதியிருப்பதைச் சைவம் என்றே பலரும் நம்பி வாங்குகின்றனர். ஆனால், செங்குவாங் கிழங்கில் செய்யும் பூரணத்தில் மணத்திற்காகக் காய்ந்த இறாலைச் சேர்ப்பதுண்டு. இனிப்பான சிவப்புப் பயற்றுப் பூரணத்திலும் பழைய முறைப்படி பன்றிக் கொழுப்பைக் கலப்பவர்கள் உள்ளனர். இப்பொருள்கள் விரதம் இருப்பவரின் நோன்பை அவர் அறியாமலேயே முறித்துவிடும். எனவே, சைவப் பாவை வீட்டிலேயே செய்யக் கற்றிருப்பது பயனுள்ள ஒன்றாகும்.

‘பாவ்’ என்னும் சீனச் சொல்லுக்குப் ‘பொதிதல்’ என்பது பொருள். பூரணத்தை மாவுக்குள் பொதிந்து வேகவைப்பதால் இப்பெயர் ஏற்பட்டது. இதன் தோற்றம் பற்றிச் சீனர்களிடையே ஒரு செவிவழிக் கதை வழங்குகிறது. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த அமைச்சர் சூகே லியாங், போர் முடிந்து திரும்பும்போது கொந்தளிக்கும் ஆறு ஒன்றைக் கடக்க வேண்டியிருந்தது. ஆற்றுத் தெய்வத்திற்கு மனிதத் தலைகளைப் பலியிட வேண்டும் என்றனர் அங்குள்ளோர். அவரோ உயிர்களைக் கொல்ல விரும்பாமல், தலை வடிவில் மாவுருண்டைகளைச் செய்து படைத்தாராம். கதை எவ்வாறாயினும், உயிரைக் காக்கும் எண்ணம் இவ்வுணவோடு சேர்த்துப் பேசப்படுவது சிறப்பாகும்.

சீனர்களுள் பௌத்த சமயத்தைப் பின்பற்றும் பலர், சீன மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் சைவ உணவையே உண்பர். ஒன்பதாம் மாதத்தில் வரும் ஒன்பது பேரரசர் தெய்வத் திருவிழாவின்போது பக்தர்கள் ஒன்பது நாள்கள் விரதம் காப்பர். அந்நாள்களில் சைவ உணவுக் கடைகளில் மஞ்சள் கொடிகள் பறக்கும். தமிழர்கள் புரட்டாசி விரதம் இருக்கும் காலமும் பல ஆண்டுகளில் இதனை ஒட்டியே வருகிறது. இரு சமூகத்தாரும் ஒரே தட்டிலிருந்து எடுத்து உண்ணக்கூடிய பலகாரங்களுள் சைவப் பாவும் ஒன்று.

பத்துப் பாவ்கள் செய்வதற்கு 300 கிராம் பாவ் மாவு, ஒரு தேக்கரண்டி ஈஸ்ட், இரண்டு மேசைக்கரண்டி சீனி, ஒரு மேசைக்கரண்டி சமையல் எண்ணெய், ஏறக்குறைய 160 மில்லிலீட்டர் வெதுவெதுப்பான நீர் ஆகியவை தேவை. பூரணத்திற்குச் சிறிய செங்குவாங் ஒன்று, கேரட் ஒன்று, ஊறவைத்த சீனக் காளான் ஐந்து ஆகியவை போதும்.

முதலில் பூரணத்தைத் தயாரிக்க வேண்டும். செங்குவாங்கையும் கேரட்டையும் மெல்லியதாகத் துருவி, சிறிது உப்பைத் தூவிப் பத்து நிமிடம் வைக்க வேண்டும். உப்பு, காய்களிலுள்ள நீரை வெளியே இழுத்துவிடும். அந்நீரைப் பிழிந்துவிடாவிட்டால் பாவின் அடிப்பகுதி ஈரமாகிக் கிழிந்துவிடும். பிறகு, நறுக்கிய காளானோடு காய்களையும் வதக்கி, கிச்சாப், மிளகுத்தூள், சில துளி எள் எண்ணெய் சேர்த்து நன்றாக ஆறவைக்க வேண்டும். பௌத்த முறைப்படி விரதம் இருப்பவர்களுள் பலர் பூண்டையும் வெங்காயத்தையும் தவிர்ப்பர். ஆதலால், அவர்களுக்காகச் செய்யும்போது இவற்றைச் சேர்க்கக்கூடாது.

அடுத்து, ஈஸ்டையும் சீனியையும் வெதுவெதுப்பான நீரில் கலந்து பத்து நிமிடம் வைக்க வேண்டும். ஈஸ்ட் ஓர் உயிருள்ள நுண்ணுயிர். கொதிநீரை ஊற்றினால் அது இறந்துவிடும். நீரின் மேல் நுரை கட்டினால் ஈஸ்ட் நன்றாக உள்ளது என்று அறியலாம். அந்நீரை மாவில் சிறிது சிறிதாக ஊற்றி, எண்ணெயும் சேர்த்து, பத்து நிமிடம் வழுவழுப்பாகும்வரை பிசைய வேண்டும். பின்னர், ஈரத் துணியால் மூடி வைக்க வேண்டும். ஈஸ்ட் சீனியை உண்டு கரிவளியை வெளியிடும். பிசைந்த மாவு மீள்தன்மை பெற்றிருப்பதால், அக்காற்று வெளியேற முடியாமல் உள்ளேயே தங்கும். நம் நாட்டு வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் மாவு இருமடங்காக உப்பிவிடும். இட்டிலி மாவு புளித்துப் பொங்குவதும் இத்தகைய நொதித்தலால்தான். ‘பதறாத காரியம் சிதறாது’ என்னும் பழமொழி இங்கு நன்கு பொருந்தும். அவசரப்பட்டு மாவைக் குறைந்த நேரத்தில் எடுத்தால் பாவ் கல்போல் இறுகிவிடும்.

உப்பிய மாவை மீண்டும் பிசைந்து பத்து உருண்டைகளாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொன்றையும் நடுப்பகுதி தடிப்பாகவும் ஓரம் மெல்லியதாகவும் இருக்குமாறு வட்டமாகத் தேய்க்க வேண்டும். ஓரங்களை மடித்து மேலே குவிப்பதால் அங்கு மாவு தடித்துவிடும். நடுவிலோ பூரணத்தின் கனத்தைத் தாங்க வேண்டும். பூரணத்தை வைத்து, விரல்களால் மடிப்பு மடிப்பாகக் கொசுவி மூட வேண்டும். சிறிய தாள் துண்டுகளின் மேல் இடைவெளி விட்டு வைத்து, மேலும் இருபது நிமிடம் ஓய்வு கொடுக்க வேண்டும்.

கொதிக்கும் நீரின் மேல் மூங்கில் தட்டை வைத்துப் பன்னிரண்டு நிமிடம் வேகவைத்தால் போதும். மூங்கில் மூடி நீராவியை உறிஞ்சிக்கொள்ளும். இரும்பு மூடியாக இருந்தால், அதனைத் துணியால் சுற்ற வேண்டும். இல்லையேல் நீர்த்துளிகள் சொட்டிப் பாவின் மேற்பரப்பைக் கெடுத்துவிடும். ஆவியின் வெப்பம் 100 பாகை செல்சியஸ் அளவிலேயே இருப்பதால், அடுப்பில் சுடும் ரொட்டியைப்போல் பாவ் பழுப்பாவதில்லை. வெந்தவுடன் மூடியைச் சட்டெனத் திறக்காமல், தீயை அணைத்துச் சற்றே நீக்கி இரண்டு நிமிடம் வைக்க வேண்டும். திடீர்க் குளிர்ச்சி பட்டால் பாவ் சுருங்கிவிடும்.

சுடச்சுடப் பாவை அண்டை வீட்டாருக்குக் கொடுக்கும்போது, அதில் என்னென்ன சேர்க்கப்பட்டுள்ளன என்பதையும் சொல்லிக் கொடுப்பது நற்பண்பாகும். தவறுதலாக வெங்காயமோ வேறு பொருளோ சேர்ந்திருந்தால், அதனை மறைக்காமல் கூற வேண்டும். சுவை குறைந்த பாவை அவர் மன்னித்துவிடலாம். முறிந்த நோன்பை அவரால் மீட்க முடியாது. விரதம் இருப்பவர் நம் கையால் கொடுத்ததை ஐயமின்றி வாய்க்குக் கொண்டு செல்கிறார் என்றால், அவர் உண்பது பாவை மட்டுமன்று. நம் சொல்லின்மீது அவர் வைத்திருக்கும் நம்பிக்கையும் அதில் பொதிந்துள்ளது.