பிழை செய்யும் கம்பியில் பிழையில்லாத கோப்பு

தொலைபேசியில் நண்பனுக்கு ஒரு நீண்ட எண்ணைச் சொல்கிறீர்கள். கம்பியில் ஒரே இரைச்சல். என்ன செய்வீர்கள்? எண்ணை மூன்று மூன்று இலக்கங்களாகப் பிரித்துச் சொல்வீர்கள். அவன் “சரி” என்ற பிறகே அடுத்த மூன்றுக்குப் போவீர்கள். “காதில் விழவில்லை” என்றால் மறுபடியும் சொல்வீர்கள். இதுவரை சிக்கல் இல்லை. ஆனால், நீங்கள் சொன்னது ஒன்றாகவும் அவன் காதில் விழுந்தது வேறொன்றாகவும் இருந்தால்? அவன் தயங்காமல் “சரி” என்றுதான் சொல்வான். காதில் விழாததை அறியலாம்; தவறாக விழுந்ததை எப்படி அறிவது?

இந்தக் கேள்வியின் அருமை எனக்குத் தெரிந்தது 2001ஆம் ஆண்டு வாக்கில், ஆய்வு மாணவனாக இருந்தபோது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் அளவீடுகளைப் பதிவு செய்த கணிப்பொறி மிகப் பழையது. பிணைய இணைப்பு அதில் கிடையாது. ஒரு நீண்ட தொடர்க்கம்பியைப் பூட்டி, எண்களை அப்படியே அடுத்த அறைக் கணிப்பொறிக்குக் கொட்டச் செய்தேன். வரைபடம் போட்டால், வழுவழுப்பான வளைகோட்டின் நடுவே ஒரு பள்ளம்! ஒரு நாள் முழுவதும் ஏதோ புதியதைக் கண்டுபிடித்துவிட்டதாக மகிழ்ந்திருந்தேன். மூல எண்களோடு ஒப்பிட்டபோது மகிழ்ச்சி கரைந்தது. 1.42 என்று புறப்பட்ட எண் 1.02 என்று வந்து சேர்ந்திருந்தது.

எப்படி? கணிப்பொறி ஒவ்வொரு எழுத்தையும் ஆஸ்கி எனும் முறைப்படி ஓர் எண்ணாக வைத்துக்கொள்கிறது. ‘4’ எனும் குறிக்கு 52. இரும எண்ணில் 0110100. ‘0’ எனும் குறிக்கு 48. இரும எண்ணில் 0110000. இரண்டுக்கும் வேறுபாடு ஒரே ஒரு பிட் அல்லவா? பக்கத்தில் ஓடிய ஏதோ ஒரு மோட்டார் அந்த ஒரு பிட்டைத் தின்றுவிட்டது. வந்து சேர்ந்ததும் முறையான எண்ணாகவே இருந்ததால் யாருக்கும் ஐயம் எழவில்லை.

அடுத்த அறைக்குப் போகும் கம்பியிலேயே இந்தக் கதி என்றால், ஊர் விட்டு ஊர் போகும் தொலைபேசிக் கம்பியில் கேட்கவேண்டுமா? அந்தக் கம்பி மனிதக் குரலுக்காக அமைக்கப்பட்டது; சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளையே நன்றாகக் கடத்தும். பிட்டுகளை இந்த எல்லைக்குள் அடங்கும் ஒலிகளாக மாற்றுவதும், வந்த ஒலியைப் பிட்டுகளாகத் திரும்ப மாற்றுவதும் மோடம் எனும் கருவியின் வேலை. அமெரிக்காவில் பரவியிருந்த பெல் 103 வகை மோடமில், அழைக்கும் பக்கம் ‘1’ என்பதற்கு 1,270 ஹெர்ட்ஸ், ‘0’ என்பதற்கு 1,070 ஹெர்ட்ஸ் ஒலியை எழுப்பியது. வேகம் நொடிக்கு 300 பிட். ஓர் எழுத்துக்குத் தொடக்க, முடிவுப் பிட்டுகளையும் சேர்த்து 10 பிட் என்று கொண்டால், நொடிக்கு 30 எழுத்து. இடையே கம்பியில் ஒரு ‘கிளிக்’ ஓசை எழுந்தால் சில பிட்டுகள் போயின.

கடிதத்தில் ஓர் எழுத்து மாறினால் படிப்பவர் ஊகித்துக்கொள்வார். புரோகிராமில் ஒரு பிட் மாறினால் ஊகிக்க ஆளில்லை. அது ஓடாது, அல்லது தவறாக ஓடும். இரண்டாவது இன்னும் மோசம்.

நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1981இல் இந்தச் சிக்கல் முற்றியது. மாணவர்கள் எல்லாரும் பெரிய பொதுக் கணிப்பொறியில்தான் வேலை செய்தார்கள். அதில் ஒருவருக்குக் கிடைத்த சேமிப்பிடம் மிகக் குறைவு. தங்கள் கோப்புகளைச் சிறு கணிப்பொறிகளின் நெகிழ்தட்டுகளில் எடுத்து வைத்துக்கொண்டால்தான் அவை தப்பும். இதற்காக அங்குப் பணியாற்றிய ஃபிராங்க் டா குரூஸ், பில் கேச்சிங்ஸ் ஆகிய இருவரும் ஒரு தகவல் கடத்தும் முறையை வகுத்தார்கள். சுவரில் தொங்கிய நாட்காட்டியில் பொம்மலாட்டத் தவளை கெர்மிட்டின் படம் இருந்தது. அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள், உரியவர்களிடம் அனுமதியும் பெற்று.

அவர்கள் முதலில் சந்தித்த தடை பிழையன்று. பெரிய கணிப்பொறியின் முன்கோபம் எனலாம். ஆஸ்கியில் 0 முதல் 31 வரையுள்ள எண்கள் எழுத்துகள் அல்ல, கட்டளைகள். ‘நிறுத்து’, ‘வரியை மாற்று’, ‘மணி அடி’ என்பன போன்றவை. கோப்பின் நடுவே இப்படி ஓர் எண் வந்தால் பெரிய கணிப்பொறி அதைத் தகவலாகக் கொள்ளாது. கட்டளையாக எடுத்துக்கொண்டு வேலையையே நிறுத்திவிடும்.

கெர்மிட் கண்ட வழி எளிமையானது: கம்பியில் கட்டளைகளையே கூடுமானவரை அனுப்பாதே! கட்டளை எண் 1 வந்தால் அதோடு 64ஐக் கூட்டு, 65 ஆகும். அது ‘ஏ’ எனும் ஆங்கில எழுத்து. ஆனால் உண்மையான ‘ஏ’யோடு குழம்பிவிடுமே? அதனால் முன்னால் # என்ற குறியைப் போடு. பெறும் பக்கம் # குறியைக் கண்டதும் அடுத்த எழுத்திலிருந்து 64ஐக் கழித்துக்கொள்ளும். கோப்பிலேயே # இருந்தால்? ## என்று இரண்டு முறை போட்டால் தீர்ந்தது. நீளம், வரிசை எண் போன்ற சிறிய எண்களோடு 32ஐக் கூட்டி, அவற்றையும் அச்சிடத்தக்க குறிகளாக்கினார்கள்.

இனி கேள்விக்கு வருவோம். கெர்மிட் கோப்பைத் துண்டாக்கிப் பொட்டலங்களாகக் கட்டுகிறது. பொட்டலத்தின் தலையில் தொடக்கக் குறி. பிறகு நீளம், வரிசை எண், வகை, தகவல். கடைசியில் ஒரு சரிபார்ப்பு எழுத்து. நாமே ஒரு பொட்டலம் கட்டுவோம். ‘அம்மா’ என்பதை ஆங்கில எழுத்துகளில் ஏ, எம், எம், ஏ என்று அனுப்புகிறோம். ஆஸ்கி எண்கள் 65, 77, 77, 65. கூட்டினால் 284. வரிசை எண் 2 என்போம். 32ஐக் கூட்ட 34. வகை ‘டி’, அதாவது தகவல். அதன் எண் 68. நீளத்துக்குப் பின்னால் வருபவை மொத்தம் 7 எழுத்து (வரிசை 1, வகை 1, தகவல் 4, சரிபார்ப்பு 1). 32ஐக் கூட்ட 39. ஆக மொத்தம் 39 + 34 + 68 + 284 = 425.

425ஐ 256ஆல் வகுத்தால் மீதி 169. அதை 64ஆல் வகுத்தால் ஈவு 2, மீதி 41. ஈவையும் மீதியையும் கூட்டினால் 43. (இது 63ஐத் தாண்டினால் 64ஐக் கழித்துவிடவேண்டும்.) வழக்கம்போல் 32ஐச் சேர்க்க 75, அதாவது ‘கே’ எனும் எழுத்து. இதுவே சரிபார்ப்பு எழுத்து. பெறும் பக்கமும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். விடை ‘கே’ வந்தால் ‘பெற்றேன்’ என்று ஒரு சிறு பொட்டலம் திரும்பிப் போகும். வராவிட்டால் ‘மீண்டும் அனுப்பு’.

மீதி 41 மட்டும் போதாதா, ஈவை ஏன் கூட்டவேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. ஓர் ‘எம்’மில் 64ஐக் குறிக்கும் பிட் அழிந்து, 77 என்பது 13 ஆகிவிட்டது என்று கொள்ளுங்கள். மொத்தம் 425க்குப் பதில் 361. 256 போக 105. 64ஆல் வகுத்தால் மீதி அதே 41! மீதியை மட்டும் நம்பியிருந்தால் பிழை தப்பித்திருக்கும். ஆனால் ஈவு 2 அன்று, 1. ஆகவே விடை 42, எழுத்தும் மாறிவிடுகிறது, பிழை பிடிபட்டது. ஓர் எழுத்தில் இவ்வளவு யோசனை!

வரிசை எண் எதற்கு? இரண்டாம் பொட்டலம் நலமாகப் போய்ச் சேர்ந்தது. ஆனால் ‘பெற்றேன்’ என்ற பதில் வழியில் தொலைந்துவிட்டது. அனுப்பியவர் சிறிது நேரம் காத்திருந்துவிட்டு அதே பொட்டலத்தை மறுபடி அனுப்புவார். வரிசை எண் இல்லையேல் அந்தத் துண்டு கோப்பில் இரண்டு முறை ஏறிவிடும். எண் இருப்பதால், ‘இது பழையது’ என்று பெறுபவர் ஒதுக்கிவிட்டு, ‘பெற்றேன்’ என்று மட்டும் மீண்டும் சொல்கிறார். எண்கள் 0 முதல் 63 வரை ஓடிப் பின் மறுபடி 0இல் தொடங்கும்.

கெர்மிட்டுக்கு முன்பே, 1977இல், சிகாகோவைச் சேர்ந்த வார்டு கிறிஸ்டென்சன் தமக்காக எழுதிய புரோகிராமிலிருந்து எக்ஸ்மோடம் எனும் முறை பிறந்திருந்தது. அதில் 128 எழுத்துத் தகவலுக்கு 4 எழுத்து மேற்செலவு, மொத்தம் 132. எளிமையானது, வேகமானது. ஆனால் ஒவ்வொரு துண்டுக்கும் பதில் வரும்வரை சும்மா நிற்கும். தொலைபேசி அழைப்பு, 36,000 கி.மீ. உயரத்திலுள்ள செயற்கைக்கோள் வழியே போனால் என்ன ஆகும்? ஏறி இறங்க 72,000 கி.மீ.; ஒளியின் வேகத்தில் 0.24 நொடி. பதில் திரும்ப இன்னொரு 0.24. காத்திருப்பு மட்டும் 0.48 நொடி. நொடிக்கு 2,400 பிட் அனுப்பும் மோடம் 132 எழுத்தை 0.55 நொடியில் அனுப்பிவிடும். ஏறக்குறையப் பாதி நேரம் வீண். 9,600 பிட் மோடம் வாங்கினாலோ, அனுப்ப 0.14 நொடி, காத்திருக்க அதே 0.48! காசு கொடுத்து வாங்கிய வேகம் காத்திருப்பில் கரைகிறது.

இதைத் தீர்த்தது சக் ஃபார்ஸ்பெர்க் 1986இல் வகுத்த இசட்மோடம். இது ஒவ்வொன்றுக்கும் பதில் கேட்பதில்லை, அனுப்பிக்கொண்டே போகும். பிழை கண்டால் மட்டும் பெறுபவர், ‘இத்தனையாவது எழுத்திலிருந்து மீண்டும் அனுப்பு’ என்பார். இணைப்பு நடுவில் அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். 90 விழுக்காடு முடிந்த நிலையில் அழைப்பு அறுந்த அனுபவம் உள்ளவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். பின்னாளில் கெர்மிட்டும் நீண்ட பொட்டலங்களையும், பதிலுக்கு நிற்காமல் பலவற்றை அனுப்பும் முறையையும் சேர்த்துக்கொண்டது.

இவை பரவியதற்குப் பொறியியல் மட்டும் காரணமன்று. முறை ஒன்றானாலும் புரோகிராமை ஒவ்வொரு வகைக் கணிப்பொறிக்கும் தனித்தனியே எழுதவேண்டும். ஒருவர் எழுதி முடிகிற காரியமா? கொலம்பியா பல்கலைக்கழகம் கெர்மிட்டின் மூலநிரலையே வெளியிட்டது. நாடாவில் பதிந்து அனுப்பும் செலவைக் கொடுத்தால் போதும். படியெடுத்துப் பிறருக்குக் கொடுக்கவும் தடையில்லை. பல நாட்டவர் தம் தம் கணிப்பொறிக்கு எழுதித் திருப்பி அனுப்ப, நூற்றுக்கணக்கான வகைகளுக்குக் கெர்மிட் கிடைத்தது. யூனிக்ஸ் கணிப்பொறிகளுக்கானது சி-கெர்மிட். விற்பனைப் பொருளோடு சேர்த்துத் தருவோரிடம் மட்டும் பின்னாளில் கட்டணம் கேட்டார்கள். 2011இல் பல்கலைக்கழகம் திட்டத்தை முடித்துக்கொண்டபோது, சி-கெர்மிட் யாரும் தடையின்றி எடுத்தாளும் திறந்த உரிமத்தில் வந்தது. ஃபார்ஸ்பெர்க் யூனிக்ஸுக்கு எழுதிய ஆர்இசட், எஸ்இசட் எனும் இரட்டைப் புரோகிராம்களின் தொடக்கப் பதிப்புகள் பொதுச் சொத்தாக வெளியாயின. பிந்திய பதிப்புகள் அப்படியல்ல. அந்தப் பொதுப் பதிப்பை வைத்து வளர்த்த எல்ஆர்இசட்எஸ்இசட்டைத்தான் இன்று லினக்ஸில் காண்கிறோம்.

யூனிக்ஸுக்கென்றே பெல் ஆய்வுக்கூடத்தில் மைக் லெஸ்க் தொடங்கிய யுயுசிபியும் உண்டு. இரவில் கணிப்பொறிகள் தாமே ஒன்றையொன்று தொலைபேசியில் அழைத்து அஞ்சலையும் கோப்புகளையும் மாற்றிக்கொள்ளும். சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்ட நிறுவனங்களை இணைத்த எர்நெட், 1980களின் பிற்பகுதியில் மின்னஞ்சலைத் தொடங்கியது இந்த வழியில்தான்.

மோடம் ஒலியை இன்று கேட்பது அரிது. ஆனால் இந்த முறைகள் ஓயவில்லை. புதிதாகச் செய்த மின்னணுப் பலகைக்கு முதல் புரோகிராமை ஏற்றும்போது பிணையம் இருக்காது. ஒரு தொடர்க்கம்பிதான் இருக்கும். அத்தகைய பலகைகளில் பெரிதும் பயன்படும் யூ-பூட் எனும் தொடக்க நிரலில், கெர்மிட் முறையில் கோப்பை வாங்கிக்கொள்ளும் கட்டளை இன்றும் இருக்கிறது.

ஓர் ஓட்டையைச் சொல்லாமல் விடக்கூடாது. ‘அம்மா’வின் எழுத்துகள் இடம் மாறி ‘மாமா’ என்று வந்தால்? 77, 65, 77, 65. மொத்தம் அதே 284, எழுத்து அதே ‘கே’. கூட்டலுக்கு வரிசை தெரியாது! இதற்காகவே கெர்மிட்டில் விரும்பினால் வேறொரு சரிபார்ப்பையும் கேட்கலாம். பொட்டலத்தின் பிட்டுகள் முழுவதையும் ஒரே நீண்ட இரும எண்ணாகக் கொண்டு, ஒரு குறிப்பிட்ட எண்ணால் தனி விதிப்படி வகுத்து, 16 பிட் மீதியை அனுப்பும் முறை அது. வகுத்தலில் இடம் மாறினால் மீதியும் மாறும். 12ஐ 5ஆல் வகுத்தால் மீதி 2, 21ஐ வகுத்தால் 1 என்பதைப் போல.

இப்போது காகிதத்தை எடுங்கள். மூன்றாம் பொட்டலத்தில் ‘நிலா’ என்பதை என், ஐ, எல், ஏ என்று அனுப்பவேண்டும். ஆஸ்கி எண்கள் 78, 73, 76, 65. வரிசை எண் 3. பழைய சரிபார்ப்பு எழுத்தின் எண்ணைக் கணக்கிடுங்கள். 84 என்று வந்தால் பொட்டலம் கம்பியில் ஏறலாம்.