பயிர்க் காவலுக்குத் துவக்கு

மீளக் குடியேறிய காணியில் பன்றி இறங்கினால் துவக்கு வாங்க நினைக்கிறோம். 1916ஆம் ஆண்டின் சுடுகலன் சட்டப்படி முதலில் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும்.

புதிதாகப் பழகுவோருக்கு முறித்துத் திறக்கும் சொட்கன் ஏற்றது. திறந்ததும் குழலில் தோட்டா உண்டோ இல்லையோ என்று கண்ணாலே காணலாம். தோளில் வைத்துப் பார்த்து, பொருந்தினால் மட்டும் எடுப்போம்.

எந்தத் துவக்கையும் தோட்டா ஏற்றியதாகவே எண்ணுவோம். அதன் வாயை ஆட்கள் பக்கம் திருப்பாதிருப்போம். சுடும் கணம்வரை விசையில் விரல் வைக்கலாகாது. வேலி கடக்குமுன் தோட்டாவைக் கழற்றுவோம். இருளில் அசைவதைச் சுடவேண்டாம். மாடு தேடி வந்த அயலவராக இருக்கலாம். வீட்டில் துவக்கு ஒரு பூட்டிலும் தோட்டா வேறு பூட்டிலும் இருக்கட்டும்.

கட்டுத்துவக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். அது சட்டவிரோதம். பன்றி எது, பிள்ளை எது என்று அதற்குத் தெரியாது.