பெட்ரோலை ‘ரவுண்ட்’ பண்ணாதே!

அன்புள்ள தேன்மொழி,

கார் வாங்கிய கையோடு அதன் கையேட்டையும் பிரித்து உட்கார்ந்துவிட்டாய் என்று உன் அம்மா சொன்னாள். நல்ல காரியம். நம் ஊரில் அந்தப் புத்தகம் பெரும்பாலும் ஆர்.சி., இன்ஷூரன்ஸ் காகிதங்களோடு டேஷ்போர்டு பெட்டிக்குள்ளேயே ஆயுளைக் கழித்துவிடும். “பாதி எச்சரிக்கைகள் எதற்கென்றே விளங்கவில்லை மாமா” என்று எழுதியிருந்தாய். குறை உன்னிடம் இல்லை. கையேடு ‘கூடாது’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். ஏன் கூடாது என்பதை அரைகுறையாகத்தான் சொல்லும். காரணம் தெரியாத கட்டளையை யார்தான் வெகுநாள் மதிப்பார்கள்?

அப்படி ஒரு வரி எதிர்ப்பட்டால் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பார்: அந்த இடத்தில் என் கண்ணுக்குத் தெரியாமல் என்ன இருக்கிறது? முக்கால்வாசிப் புதிர்கள் அதிலேயே அவிழ்ந்துவிடும்.

நீ கேட்ட முதல் வரியையே எடுத்துக்கொள்வோம். பெட்ரோல் தானாக நின்ற பிறகு மேலும் நிரப்பக் கூடாது என்கிறது கையேடு. பங்க்கில் நடப்பது உனக்குத் தெரியும். ‘டக்’கென்று ஆட்டோ கட் ஆகும், மீட்டரில் 2,460 ரூபாய் நிற்கும். “ரவுண்டா 2,500 போட்டுடவா மேடம்?” என்பார் ஊழியர். பம்பு நாசிலின் நுனியை ஒருமுறை உற்றுப் பார். அங்கே ஒரு சின்னத் துளை இருக்கும். டேங்கில் பெட்ரோல் ஏறி வந்து அந்தத் துளையை மூடியதும் பம்பு தானாக நிற்கிறது. அதற்கு மேலே மிச்சமிருக்கும் இடம் வீணாக விட்டதல்ல. நிலத்தடித் தொட்டியிலிருந்து வரும் பெட்ரோல் நம் வெயிலில் சூடேறி விரியும். 40 லிட்டர் பெட்ரோல் 10 டிகிரி சூடேறினால் சுமார் 400 மில்லி கூடிவிடும். அதற்கும் இடம் வேண்டும், பெட்ரோல் ஆவிக்கும் இடம் வேண்டும். அந்த ஆவி காற்றில் கலக்காமல் இருக்க, கரி நிரப்பிய ஒரு டப்பாவுக்குக் குழாய் வழியாகப் போகிறது. கரி அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வண்டி ஓடும்போது எஞ்சின் இழுத்து எரித்துவிடும். ஆவி போக வேண்டிய குழாயில் பெட்ரோலே போய்ச் சேர்ந்தால் கரி நனைந்து பாழாகும். 40 ரூபாயை ரவுண்ட் பண்ணப் போய், பிறகு ஆயிரக்கணக்கில் செலவு வைக்கிற வேலை அது.

அடுத்தது, நீ தனித்தனியாகக் கேட்ட இரண்டு வரிகள். காய்ந்த புல், சருகு மேல் வண்டியை நிறுத்தக் கூடாது. பேட்டரி இறங்கிவிட்டால் தள்ளி ஸ்டார்ட் பண்ணக் கூடாது. கையேட்டில் இரண்டுக்கும் நடுவே பல பக்கங்கள். ஆனால் இரண்டிலும் ஒளிந்திருப்பது ஒரே ஆசாமி: புகைக்குழாயில் இருக்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டர். எஞ்சின் புகையிலுள்ள நச்சு வாயுக்களை மாற்றி அனுப்புவது அதன் வேலை. அந்த வேலைக்கு அது பல நூறு டிகிரி சூட்டில் இருந்தாக வேண்டும். அடியில் சருகு பட்டால் பற்றிக்கொள்ளும். தள்ளும்போதோ, சரியாக எரியாத பெட்ரோல் எஞ்சினைத் தாண்டி வந்து கன்வெர்ட்டருக்குள் எரியும். உள்ளே இருக்கும் பீங்கான் கூடு உருகிப் போகலாம். “நாங்க தள்ளாத வண்டியா?” என்று உன் தாத்தா கேட்பார். அவர் தள்ளியது அம்பாசடரை. சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமானது 1995இல்தான். அவர் அனுபவம் பொய்யில்லை, வண்டிதான் மாறிவிட்டது.

மூன்றாவது, சீட் கவர். வரும் சனிக்கிழமை போடப் போவதாக எழுதியிருந்தாய், அதனால் இதைக் கவனமாகப் படி. முன் சீட்டின் முதுகுப்புறம், கதவை ஒட்டிய ஓரத்தில் ‘ஏர்பேக்’ என்று சின்னத் துணிப்பட்டி தைத்திருக்கிறதா பார். இருந்தால் பக்கவாட்டு ஏர்பேக் அந்தச் சீட்டுக்குள்ளேயே மடிந்து கிடக்கிறது என்று பொருள். மோதும்போது அது கண் இமைக்கும் நேரத்துக்குள் தையலைப் பிளந்துகொண்டு வெளியே வர வேண்டும். அதன் மேல் இறுக்கமான ரெக்சின் கவரை இழுத்துத் தைத்துவிட்டால், பை நேரத்துக்கு வராது, அல்லது கோணலாக வரும்.

எல்லாமே இப்படி ஒளிந்திருக்கும் என்றும் நினைக்காதே. ‘மிதியடி மேல் மிதியடி போடாதே’ என்ற வரியில் மர்மம் ஏதுமில்லை, அலட்சியம்தான் ஆபத்து. 2009 ஆகஸ்டில் அமெரிக்காவின் சான் டியேகோ அருகே ஒரு லெக்ஸஸ் காரில் வேறு மாடலுக்கான ரப்பர் மிதியடி போடப்பட்டிருந்தது. ஆக்சிலரேட்டர் அதில் மாட்டிக்கொண்டு, காரில் இருந்த நால்வரும் இறந்தார்கள். அடுத்த மாதமே, லெக்ஸஸைத் தயாரிக்கும் டொயோட்டா அந்த நாட்டில் சுமார் 38 லட்சம் வண்டிகளின் உரிமையாளர்களிடம் மிதியடியை எடுத்துவிடச் சொன்னது. சிரிப்பு வருகிற எச்சரிக்கையையும் அதனால் தள்ளிவிடாதே.

கையேட்டின் முதல் சில பக்கங்களில் ‘வார்னிங்’, ‘காஷன்’, ‘நோட்டீஸ்’ என்ற சொற்களுக்கு அந்தக் கம்பெனி என்ன பொருள் வைத்திருக்கிறது என்று போட்டிருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி அது சற்று மாறும். எந்தக் கட்டம் உயிரைப் பற்றியது, எது வண்டிக்கு வரும் சேதத்தைப் பற்றியது என்று முதலில் பிரித்துக்கொள். உயிர்க் கட்டங்களைக் காரணம் விளங்காவிட்டாலும் அப்படியே பின்பற்று. ஆராய்ச்சியைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

விளங்காததைச் சர்வீஸ் சென்டரில் கேட்கும்போது ஒரு நுணுக்கம் உண்டு. “இப்படிச் செஞ்சா ஏதாவது ஆகுமாண்ணே?” என்று கேட்டால் “ஒண்ணும் ஆகாதும்மா” என்றுதான் பதில் வரும். “அந்த இடத்துல என்ன பார்ட் இருக்கு?” என்று கேள். வேலை தெரிந்தவர் என்றால் வண்டியைத் தூக்கி நிறுத்தியே காட்டிவிடுவார்.

அன்புடன்,
மாமா