சுண்ணக் காளவாயும் வெப்பக் கணக்கும்

செஞ்சிக்கு வடதிசையில், தேசூரை அடுத்துள்ள சீயமங்கலத்தில், முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டிற் குடைவித்த கற்கோயில் ஒன்று உளது. அவனிபாஜன பல்லவேசுவரம் என்பது அதன் பழம் பெயர். இக்காலத்தார் தூணாண்டார் கோயில் என்பர். அவ்வரசனே மண்டகப்பட்டிற் பொறிப்பித்த வடமொழிக் கல்வெட்டு, அவ்வூர்க் கோயில் செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இன்றியே ஆக்கப்பட்டது என்று பெருமிதத்தோடு கூறுகின்றது. சுதையின்றி ஆக்கியமை பெருமையாகுமெனின், சுதைகொண்டு ஆக்குவதே அந்நாளைய வழக்கு என்பது தானே போதரும். பின்னாளில் எழுந்த செஞ்சிக் கோட்டையைக் காண்போர் இதற்கு மாறான காட்சியைக் காண்பர். கலியாண மகாலின் மாடங்களும், களஞ்சியத்தின் வளைந்த கூரைகளும் சுண்ணச் சாந்தின் பிடிப்பிலேயே நிற்பன. 2025-ஆம் ஆண்டில் மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டு உலக மரபுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டபோது, அவற்றுள் தமிழ்நாட்டிற்கு உரியதாய் இடம்பெற்றது செஞ்சி ஒன்றே.

அக்கோட்டைச் சுவர்களைக் குறித்து வரலாறு எழுதுவோர் பலர். யாம் எழுதப் புகுவது அச்சுவர்களின் வெப்பத்தைக் குறித்து. சுவருக்கு வெப்பம் ஏது என நகைப்போர் சற்றுப் பொறுத்தருள்வாராக. தமிழ் பயில்வோர்க்கு இரசாயனத்தில் என்ன வேலை என வினவுவோர்க்கும் அதுவே விடை.

சுண்ணாம்பின் வாழ்வு மூன்று நிலைகளை உடையது. முதலாவது, சுண்ணக்கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயிலிட்டுச் சுடுதல். ஏறத்தாழ 900 பாகை வெம்மையில் கல்லினின்று கரியமில வாயு நீங்க, சுட்ட சுண்ணாம்பு எஞ்சும். 100 கிராம் தூய கல்லில் 44 கிராம் வாயுவாய்ப் போக, 56 கிராமே மிஞ்சும். இரண்டாவது, அதனை நீரிலிட்டு நீற்றுதல். 56 கிராம் சுண்ணாம்பு 18 கிராம் நீரை உண்டு 74 கிராம் நீற்றுச் சுண்ணாம்பாகும். அப்போது எழும் கொதிப்பைத் தொட்டி அருகே நின்றோர் அறிவர். மூன்றாவது, சாந்தாகிச் சுவரேறிய சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல ஏற்று, உட்கொண்ட நீரை வெளிவிட்டு, மீண்டும் கல்லாதல். கல்லிற் தொடங்கியது கல்லிலேயே முடிகின்றது.

'நீறு' என்னும் சொல் நமது மொழியிற் சாம்பலையும் குறிக்கும். நீற்றிய சுண்ணாம்பையும் குறிக்கும். தீயின் தொழிலையும் நீரின் தொழிலையும் ஒரே சொல்லால் வழங்கிய முன்னோர், அவ்விரண்டிடையே ஓர் உறவு இருத்தலை உணர்ந்திருந்தனர் போலும். ஐரோப்பியரும் நெடுங்காலம் இதைப்பற்றிக் குழம்பினர். சுடும்போது நெருப்பின் அணுக்கள் சிலவற்றைக் கல் விழுங்கிக்கொள்கின்றது. அதனாலேயே சுண்ணாம்பு நாவைப் பொத்துவிக்கின்றது. நீர் பட்டவுடன் அந்நெருப்பே வெளிப்படுகின்றது என்பது அவர்தம் கொள்கை. இதனைத் தராசு கொண்டு மறுத்தவர் ஸ்காத்லாந்து நாட்டு ஜோசப் பிளாக். கல் சுடப்படும்போது எதனையும் பெறுவதில்லை, வாயு ஒன்றை இழக்கவே செய்கின்றது என 1756-இல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சி நிறுவியது. அடுத்த சில ஆண்டுகளில், பனிக்கட்டி உருகும்போது வெம்மை ஏறாமலே வெப்பத்தை உட்கொள்ளும் என்பதைக் கண்டவரும் அவரே. செஞ்சிக் கோட்டை 1750 முதல் 1761 வரை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. ஏறக்குறைய அந்தப் பதினோராண்டுக்குள் சுண்ணாம்பின் உண்மையும் வெப்பத்தை அளக்கும் வழியும் ஒருவராலேயே தொடங்கப்பெற்றன என்பது நினைக்க இனிதாயிருக்கின்றது.

ஆயினும் பழங்கொள்கை முழுதும் பொய்யன்று என்பதே எம் கருத்து. நெருப்பணு என ஒன்று இல்லை. ஆனால் காளவாய் கொடுத்த வெப்பத்தில் ஒரு பகுதி நீற்றுத் தொட்டியில் திரும்புவது மெய். எவ்வளவு திரும்புகின்றது என்பதே கேள்வி. அதற்குக் கணக்கு வேண்டும்.

மாறாத அழுத்தத்தில் நிகழும் ஒரு மாற்றத்திற் கொள்ளப்படும் அல்லது விடப்படும் வெப்பத்தை என்தால்பி மாற்றம் என்பர். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் என்தால்பி என்னும் கிரேக்க வழிச் சொல்லையே ஆள, இலங்கைத் தமிழர் வெப்பவுள்ளுறை என வழங்குவர். உள்ளுறை உவமம் பயின்ற எமக்குப் பின்னதே உவப்பானது. புறத்தே தோன்றாமல் அகத்தே உறைந்து, மாற்றம் நிகழும்போது மட்டும் தன்னைக் காட்டுவதன்றோ அது? பொருள் வெப்பத்தைக் கொண்டால் கூட்டற்குறியும், விட்டால் கழித்தற்குறியும் இடுதல் மரபு. சூடு உண்டாகும்போது கழித்தற்குறி ஏன் என மயங்குவார் பலர். கணக்கு எழுதப்படுவது நமது கைக்கன்று, பொருளின் பேரேட்டில். அது கொடுத்தால் அதற்குச் செலவு, அவ்வளவே.

இனிச் சிக்கல் எழுகின்றது. காளவாயிற் செல்லும் வெப்பத்தை அளப்பது எவ்வாறு? 900 பாகையில் எரியும் அடுப்பிற்குள் வெப்பமானியைச் செருக இயலாது. செருகினும், கல் கொண்டது எவ்வளவு, சுவரும் புகையும் கொண்டது எவ்வளவு எனப் பிரித்தறிய முடியாது. மூன்றாம் நிலையோ இன்னும் அரிது. சுவர் கல்லாவதற்கு ஆண்டுகள் பல வேண்டும்; அத்தனை காலம் வெப்பம் கசியாத கலம் எங்கேயுளது?

இச்சிக்கலை அவிழ்த்தவர் ஜெர்மெய்ன் ஹெஸ் என்பவர். ஜெனீவாவிற் பிறந்து, ரஷ்ய நாட்டுப் பீட்டர்ஸ்பர்க்கில் ஆசிரியராயிருந்த அவர், 1840-இல் ஒரு விதியைக் கண்டார். தொடக்கப் பொருளும் முடிவுப் பொருளும் ஒன்றாயின், இடையில் எவ்வழிச் சென்றாலும் வெப்பக் கணக்கின் மொத்தம் ஒன்றே என்பது அவ்விதி. இராஜகிரி உச்சிக்கு எந்தப் பாதையால் ஏறினும் ஏறிய உயரம் ஒன்றாதல் போலும் இது. ஆகவே அளக்க முடியாத பாதையை விட்டு, அளக்கக் கூடிய வேறு பாதையிற் சென்று திரும்பலாம். சுண்ணாம்பிற்கு அத்தகைய பாதை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். கல்லும் அதிற் கரையும்; சுட்ட சுண்ணாம்பும் கரையும்; நீற்றிய சுண்ணாம்பும் கரையும். மூன்றும் முடிவில் ஒரே கரைசலை அடைகின்றன.

வேண்டுவன மிகச் சிலவே. வெப்பம் எளிதிற் கடத்தாத கிண்ணம் ஒன்று, மூடி, கலக்கி, பத்தில் ஒரு பாகை காட்டும் வெப்பமானி, தராசு. கிண்ணத்தில் 200 கிராம் நீர்த்த அமிலம் கொள்வோம். ஒரு கிராம் நீரை ஒரு பாகை உயர்த்த 4.2 ஜூல் வேண்டுமாதலின், அக்கரைசலை ஒரு பாகை உயர்த்த ஏறத்தாழ 840 ஜூல் வேண்டும். (கிண்ணம் கொள்ளும் சிறுபங்கை இங்கே விட்டுவிட்டோம், செம்புக் கலமாயின் விடலாகாது.) மூன்று பொருளிலும் ஒரு மோலின் இருபதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வோம். அஃதாவது கல் 5 கிராம், சுட்ட சுண்ணாம்பு 2.8 கிராம், நீற்றியது 3.7 கிராம்.

ஏற்கப்பட்ட அளவைகளின்படி, சுட்ட சுண்ணாம்பு கரையும்போது கிண்ணம் 11.5 பாகை சூடேறல் வேண்டும், நீற்றியதற்கு 7.6 பாகை, கல்லிற்கு 0.9 பாகை. இவற்றை 840-ஆற் பெருக்கி, மோல் ஒன்றிற்கு ஆக்கினால், முறையே 193, 128, 15 கிலோஜூல் அளவில் வெப்பம் விடப்படுதல் பெறப்படும். நுட்பமான எண்கள் 193.5, 128.3, 15.2 என்பன.

இப்பொழுது கழித்துப் பார்க்க வேண்டுவதே. கல் நேரே அமிலத்திற் கரைந்தால் 15.2 விடுகின்றது. அதே கல் முதலிற் சுடப்பட்டுப் பின் கரைந்தால், சுடுகையிற் கொண்டது போகக் கரைகையில் 193.5 விடும். இரு வழிக்கும் மொத்தம் ஒன்றாதல் வேண்டுமாதலால், சுடுகையிற் கொண்டது 193.5-இல் 15.2 போக, 178.3 கிலோஜூல். இவ்வாறே நீற்றுகையில் விடப்படுவது 193.5-இல் 128.3 போக, 65.2. சுவர் கல்லாகையில் விடப்படுவது 128.3-இல் 15.2 போக, 113.1. காளவாயின் தீயையும், சுவரின் நீண்ட காலத்தையும் மேசைமேல் ஒரு கிண்ணத்தில் அளந்துவிட்டோம்! 65.2-ஐயும் 113.1-ஐயும் கூட்டுக, 178.3 வருகின்றது. காளவாய் வாங்கிய கடனில் மூன்றிலொரு பங்கிற்குச் சற்று மேலானது தொட்டியிற் சில நிமிடங்களில் தீர்கின்றது. எஞ்சியதைச் சுவர் தவணை முறையில் அடைக்கின்றது.

இவ்வெண்கள் 25 பாகை வெம்மைக்கு உரியன. காளவாயின் வெம்மையில் 178 என்பது சற்றுக் குறையும். அன்றியும், வெளியேறும் வாயு சூழ்ந்த காற்றைத் தள்ளி இடம்பெறுதற்குச் செலவாகும் 2.5 கிலோஜூலும் அதனுள் அடங்கியிருக்கின்றது.

கிண்ணத்தில் அளப்போர் வழுவக்கூடிய இடங்கள் சில உள. கரைதல் முடிவதற்குள் சூடு வெளியே கசிந்துவிடுவதால், வெப்பமானி காட்டும் உச்சம் மெய்யான உச்சத்தினும் குறைவாகவே இருக்கும். அதற்கு, அரை நிமிடத்திற்கு ஒருமுறை வெம்மையைக் குறித்து, வரைபடத்தில் ஆறுகின்ற கோட்டைப் பின்னோக்கி நீட்டி, பொருளை இட்ட கணத்தில் அது எங்கே நிற்கின்றது என நோக்க வேண்டும். கல்லின் அளவையில் வேறோர் அச்சம் தோன்றும். ஏறுவதே 0.9 பாகை, வெப்பமானியைப் படிப்பதில் 0.1 பாகை தவறினால் ஒன்பதில் ஒரு பங்கு போயிற்றே என மனங்கலங்கும். ஆயின் அத்தவறு மோலுக்கு 1.7 கிலோஜூலே, 178-ஐக் காணும் கணக்கில் அது நூற்றில் ஒரு பங்குக்கும் உட்பட்டது. எந்தத் தவறு எவ்விடத்திற் பெரிது என எடைபோடாமல், எல்லாத் தவறுக்கும் ஒரே அளவாய் அஞ்சுவது வீண்.

இக்கணக்கு ஏட்டளவில் நிற்பதன்று. 65.2 என்பதைக் கிலோகிராமுக்கு மாற்றினால் 1,164 கிலோஜூல் ஆகும். 30 பாகையிலுள்ள நீர் ஒரு கிலோகிராமைக் கொதிநிலைக்கு உயர்த்த ஏறத்தாழ 293 கிலோஜூல் வேண்டும். எனவே ஒரு கிலோகிராம் நற்சுண்ணாம்பு நான்கு கிலோகிராம் நீரைக் கொதிக்கச் செய்யவல்லது. தன் எடையின் மும்மடங்கு நீர் இட்டாலும் தொட்டி கொதிக்கும். அதனினும் குறைத்து, வேலை விரைவில் முடியட்டும் என்று குவித்த சுண்ணாம்பின் மேல் ஒரு குடம் நீரைச் சாய்ப்போரை யாம் கண்டிருக்கின்றோம். அந்நீர் உள்ளே ஆவியாகி, வெந்த சுண்ணத்தை முகத்தில் வீசும். கண்ணிற் பட்ட சுண்ணம் சூட்டாலும் காரத்தாலும் கெடுக்கும். பார்வை இழந்தோரும் உண்டு. தொட்டியில் முதலில் நிரம்ப நீரை வார்த்து, பின் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாய் இட்டு, கண்ணுக்குக் காப்பணிந்து எட்ட நின்று கிளறுக. கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்துச் சாந்து குழைத்த பழந்தச்சர் திறத்தைப் பெரிதும் புகழ்கின்றோம். இன்று பழங்கட்டடம் புதுக்கும் பணியில் அதே தொட்டியருகே நிற்கும் கூலியாளின் கண்ணையும் சற்று நினைத்தல் தகும்.

சுவரின் தவணைக் கணக்கையும் பார்த்துவிடுவோம். சுட்ட சுண்ணாம்பு ஆயிரம் கிலோகிராம் சாந்தாகிச் சுவரேறியது எனக் கொள்வோம். அது கல்லாகும்போது விடும் வெப்பம் ஏறத்தாழ 20 இலட்சம் கிலோஜூல். உலர்ந்த விறகு நூறு கிலோகிராமுக்கு மேல் எரித்தால் வரக்கூடியது. ஐம்பது ஆண்டுகளிற் சீராக அது வெளிப்பட்டதெனின், விநாடிக்கு 1.3 ஜூல். சிறிய கைவிளக்கொன்றின் ஆற்றல் அவ்வளவே. வெயிலிற் காயும் செஞ்சிச் சுவரில் அதனை எக்கையும் உணர்ந்திராது. எனினும் காளவாயிற் புகுந்த விறகின் சூடு அவ்வழியே, அத்தனை மெதுவாக, வெளியேறியே இருக்கின்றது.

இறுதியாக, இதனைத் தாமே செய்து பார்க்க விரும்பும் நண்பர்க்கு ஒன்று. கடையில் வாங்கும் சுட்ட சுண்ணாம்பு காற்றின் ஈரத்தை உண்டு, பாதி வழியிலேயே நீறத் தொடங்கியிருக்கும். கண்ணாற் கண்டு இதனை அறிதல் அரிது; கிண்ணம் காட்டிக் கொடுக்கும். 2.8 கிராம் இட்டபோது 11.5 பாகைக்கு மாறாக 10.6 பாகையே ஏறிற்றெனக் கொள்வோம். சுட்டது கிராமுக்கு 3.46 கிலோஜூலும், நீறியது 1.73 கிலோஜூலும் விடும். நம் கிண்ணம் காட்டியதோ 3.18. வேறு கலப்பு இல்லையாயின், அச்சுண்ணாம்பில் நூற்றுக்குப் பதினாறு பங்கு முன்னரே நீறிவிட்டது. காளவாயினின்று இன்று காலையே இறக்கியது எனச் சொல்லி விற்றவரிடம் அந்த எண்ணைக் கொண்டுபோய்க் காட்டலாம்.